வீட்டுப் பட்டறையில இரும்பு வேலை: திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளும் பதில்களும்

ஒரு வைஸ், ஒரு ஹேண்ட் டிரில், ஒரு கிரைண்டர், நாலு அரம், இத வச்சுக்கிட்டு வீட்ல வேலை பாக்குறவங்க கேக்குற சந்தேகம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கு, ஒவ்வொருத்தருக்கா டைப் பண்ணி முடியல, அதனால மொத்தமா இங்க போட்டுட்டேன். லேத், மில்லிங் மெஷின் எல்லாம் இருக்கறவங்களுக்கு இதுல பெருசா ஒண்ணும் இல்ல. கேள்விய அவங்கவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன். மேல இருந்து படிச்சுட்டு வந்தா நல்லது, கீழ வர்ற பதில்கள்ல பாதி மேல சொன்னத வச்சுத்தான் ஓடுது.

ஹேக்சா பிளேடு எந்தப் பக்கம் பாத்து மாட்டணும்? புதுசு மாட்டினாலும் பல்லு கொட்டிடுது அண்ணே

பல்லு முன்னாடி பாத்து, அதாவது கைப்பிடிக்கு எதிர்ப்பக்கமா இருக்கணும். தள்ளும்போதுதான் வெட்டும், இழுக்கும்போது அமுக்காம சும்மா கொண்டு வந்தா போதும். பிளேடை இழுத்துப் பிடிக்கற விங் நட்டை (காது வச்ச நட்டு) நல்லா இறுக்கி வைங்க, பிளேடு தொளதொளன்னு இருந்தா வெட்டு கோணலா போகும், லேசா திருகினாலே ஒடிஞ்சிடும்.

பல்லு கொட்டுறதுக்கு வேற காரணம். இன்ச்சுக்கு எத்தன பல்லுன்னு பிளேடுலயே 18, 24, 32ன்னு போட்டிருக்கும். வெட்டுற இடத்துல எப்பவும் குறைஞ்சது 3 பல்லாவது மெட்டல் மேல இருக்கணும். 18 பல் பிளேடுல ஒரு பல்லுக்கும் அடுத்ததுக்கும் 1.4 மில்லி இடைவெளி, அதுல 1 மில்லி தகட்டை வச்சா தகடு ரெண்டு பல்லுக்கு நடுவுல போய் உக்காந்துக்கிட்டு பல்லைப் பிடுங்கி எடுத்துடும். மெல்லிசு பைப்புக்கு 32, ஆங்கிள், பட்டைக்கு 24, கட்டியான ராடுக்கும் அலுமினியத்துக்கும் 18. ரொம்ப மெல்லிசு தகடுன்னா 32 கூட பத்தாது, ரெண்டு பிளைவுட் துண்டுக்கு நடுவுல தகட்டை வச்சு இறுக்கி மரத்தோட சேத்து வெட்டுங்க, பிசிறும் வராது.

இன்னொண்ணு, பாதி வெட்டுல பிளேடு ஒடிஞ்சா புது பிளேடை அதே பள்ளத்துல விடாதீங்க. பழசு தேஞ்சு தேஞ்சு பள்ளத்தைக் குறுகலாக்கி வச்சிருக்கும், புதுசு அதுல இறுகிக்கும். பீஸைத் திருப்பிப் போட்டு எதிர்ப்பக்கத்துல இருந்து வெட்டுங்க.

பைப்பை நேரா வெட்டவே வரல, சுத்தி வந்தா கோடு சேரமாட்டேங்குது

ஓரம் நேரா இருக்கற பேப்பர் பட்டை ஒண்ண பைப் மேல இறுக்கமா ஒரு சுத்துக்கு மேல சுத்துங்க. பேப்பரோட ஓரம் அது மேலயே கரெக்ட்டா வந்து உக்காந்தா அந்த ஓரம் நேரா இருக்குன்னு அர்த்தம், அத ஒட்டி மார்க்கர்ல கோடு. வெட்டும்போது ஒரே பக்கமா முழுசா இறக்காம, கொஞ்சம் வெட்டி பைப்பைச் சுத்தி, திரும்ப கொஞ்சம்னு போங்க.

கோடு போட்டா தெரியவே மாட்டேங்குது, பென்சில் கோடு கை பட்டா அழிஞ்சிடுது

பென்சிலை மரவேலைக்கு வச்சுக்கங்க. கோடு வர்ற இடத்துல மட்டும் கருப்பு இல்லன்னா நீல பெர்மனென்ட் மார்க்கரை அப்பிட்டு, காஞ்சதும் அது மேல ஸ்க்ரைபரால (கூர்முனை இருக்கற இரும்புக் குச்சி) கீறினா முடி அளவுக்கு பளிச்னு கோடு தெரியும். பெரிய இரும்புத் தகடுன்னா மயில்துத்தத்தை தண்ணில கரைச்சு துணியால தேய்ங்க, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத சுத்தமான இரும்பா இருந்தா செம்பு மெல்லிசா படிஞ்சு செவப்பாயிடும், அதுல கீறுற கோடு எண்ணெய் பட்டாலும் போகாது. இது இரும்புல மட்டும்தான் வேலை செய்யும், கையில கிளவுஸ் போட்டுக்கங்க, வாயில கண்ணுல படக்கூடாது.

டிரில் பிட் ஒரு ஓட்டை போடுறதுக்குள்ள மொட்டை ஆயிடுது, நல்ல பிட்டு எதுதான் வாங்குறது?

இந்தக் கேள்விதான் அதிகமா வருது, பத்துல எட்டு பேருக்கு பிட்டுல தப்பு இல்ல, ஸ்பீடுல தப்பு. ட்ரிகரை முழுசா அமுக்கிப் பிடிச்சு பெரிய பிட்டை ஓட்டினா முனை சூடாகி நீலமாயிடும், அதோட அந்த பிட்டு முடிஞ்சது. ஒரு சின்ன கணக்கு வச்சுக்கங்க: சாதாரண இரும்புக்கு 8000-ஐ பிட் சைஸால வகுங்க, அதுதான் ஒரு நிமிஷத்துக்கு எத்தன சுத்துங்கறது. 10 மில்லி பிட்டுன்னா 800, 5 மில்லின்னா 1600, 3 மில்லின்னா 2600 சொச்சம். அலுமினியத்துக்கு இதுக்கு ரெண்டு மூணு மடங்கு போகலாம், எஸ்எஸ்ஸுக்கு (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பாதிதான். ஹேண்ட் டிரில்ல சுத்து எண்ணிக்கிட்டு இருக்க முடியாது, ஆனா 10 மில்லி பிட்டு சுத்தும்போது அதோட பள்ளம் கண்ணுக்குத் தெரியுற வேகம்தான் சரின்னு ஒரு பழக்கம் வந்துடும்.

அடுத்தது அமுக்கம். பயந்து பயந்து லேசா வச்சா பிட்டு வெட்டாது, உரசும், உரசினா சூடு. தூள் பொடிப்பொடியா வந்தா அமுக்கம் பத்தல இல்லன்னா பிட்டு மொட்டை, சுருள் சுருளா வந்தா நல்லா வெட்டுது. ரெண்டு பள்ளத்துலயும் ஒரே அளவு சுருள் வரணும், ஒரு பக்கம் மட்டும் வந்தா சாணை பிடிச்சதுல முனையில வெட்டுற ஓரம் (உதடு) ரெண்டுல ஒண்ணு நீளமா ஒண்ணு குட்டையா போயிருக்கு, அந்த பிட்டு போடுற ஓட்டை அதோட சைஸை விட பெருசாதான் வரும். ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க, பெரிய ஓட்டைன்னா முதல்ல சின்ன பிட்டுல ஒரு ஓட்டை போட்டுட்டு பெருசு பண்ணுங்க.

எஸ்எஸ்ல கொஞ்சம் இறங்கின ஓட்டை அதுக்கு மேல போகவே மாட்டேங்குது சார்

எஸ்எஸ்ஸுக்கு ஒரு குணம் இருக்கு, உரசினா உரசின இடம் கெட்டியாயிடும். மேல சொன்ன மாதிரி வேகமா, லேசா அமுக்கி ஓட்டியிருப்பீங்க, இப்ப ஓட்டையோட அடி பளபளன்னு கண்ணாடி மாதிரி இருக்குமே, அதுதான். அதே மொட்டை பிட்டை வச்சு இன்னும் அரைச்சா இன்னும் கெட்டியாகும். புதுசா தீட்டின பிட்டு, முடிஞ்சா கோபால்ட் பிட்டு எடுத்து, ஸ்பீடை நல்லா குறைச்சு, எண்ணெய் விட்டு, முதல் செகண்ட்லேயே சுருள் வர்ற அளவுக்கு பலமா அமுக்குங்க. சுருள் வர ஆரம்பிச்சா நடுவுல நிறுத்தி வேடிக்கை பாக்காதீங்க. அதுக்கும் அசையலன்னா மறுபக்கத்துல இருந்து போட்டு வாங்க.

மெல்லிசு தகட்டுல ஓட்டை வட்டமா வராம முக்கோணமா வருதே

பிட்டோட ஓரம் முழுசா தகட்டுல உக்கார்றதுக்குள்ள முனை அந்தப் பக்கம் போயிடுது, பிடிமானம் இல்லாம பிட்டு உள்ள ஆடுது, அதான். தகட்டுக்கு அடியில ஒரு மரத்துண்டு வச்சு ரெண்டையும் சேத்து கிளாம்ப் போடுங்க. அடிக்கடி செய்யற வேலைன்னா ஸ்டெப் டிரில் (படிப்படியா அகலமாகற கூம்பு பிட்டு) ஒண்ணு வாங்கிடுங்க, தகட்டுக்கு அத விட நல்லது எதுவும் இல்ல.

அது இல்லாதவங்களுக்கு ஒரு வழி: பழைய காட்டன் துணில ஸ்டாம்ப் சைஸ்ல ஒரு துண்டை நாலா மடிச்சு, சென்டர் பஞ்ச்சால (கூர்முனை ஆணி மாதிரி டூல்) குழி அடிச்ச இடத்துல வச்சு, அது மேல பிட்டை வச்சு மெதுவா ஓட்டுங்க. துணி பிட்டுக்கும் ஓட்டைக்கும் நடுவுல நிரம்பி ஆட்டத்தை நிறுத்திடும், ஓட்டை வட்டமா வரும். துணி சின்னதா இருக்கணும், கையால பிடிக்கக்கூடாது. தகட்டையும் கையால பிடிக்கக்கூடாது, அந்தப் பக்கம் வெளிய வர்ற நிமிஷத்துல பிட்டு தகட்டைக் கொக்கி போட்டு சுத்த ஆரம்பிச்சா விரலுக்கு அது கத்திதான்.

அப்ப கிளவுஸ் போட்டுக்கிட்டா பிடிக்கலாமா?

கூடவே கூடாது. சுத்துற பிட்டுல கிளவுஸ் மாட்டினா கிளவுஸ் மட்டும் போகாது, விரலும் சேர்ந்து போகும். டிரில்லுக்கு வெறும் கை, முழுக்கை சட்டைன்னா மடிச்சு விட்டுக்கங்க. கிரைண்டருக்கு வேணா கையோட ஒட்டின தோல் கிளவுஸ் போடலாம். கண்ணாடி ரெண்டுக்கும் கட்டாயம்.

உருண்டை ராடுல கரெக்ட்டா நடுவுல ஓட்டை போடணும், எப்பவும் ஒரு பக்கம் ஒதுங்கிடுது

ராடை வைஸ்ல படுக்கையா இறுக்குங்க. சின்ன ஸ்டீல் ஸ்கேல் ஒண்ண ராடு மேல குறுக்க வச்சு, டிரில் ஸ்டாண்ட்ல இருக்கற பிட்டோட முனையை மெதுவா இறக்கி ஸ்கேலை லேசா அமுக்கிப் பிடிங்க, மோட்டார் ஓடக்கூடாது. முனை சரியா ராடோட உச்சியில இருந்தா ஸ்கேல் தரைக்கு இணையா நிக்கும். முனை இடது பக்கம் தள்ளி இருந்தா ஸ்கேலோட இடது நுனி கீழ சாயும், வலதுன்னா வலது. அரை மில்லி தப்பக்கூட கண்ணு பிடிச்சிடும். வைஸை நகர்த்தி நேராக்கிட்டு, ஸ்கேலை எடுத்துட்டு ஓட்டுங்க.

பித்தளையில ஓட்டை போடும்போது பிட்டு திடீர்னு உள்ள இழுத்துக்குது, பயமா இருக்கு

பித்தளைக்கு பிட்டு ரொம்ப கூர்மையா இருந்தாதான் ஆபத்து. வெட்டுற உதடு சரிஞ்சு இருக்கறதால ஸ்க்ரூ மாதிரி தானா இறங்கிடும். சின்ன எண்ணெய்க்கல்லை எடுத்து வெட்டுற ஓரத்துல, பிட்டோட நீளத்துக்கு இணையா பிடிச்சு ரெண்டு மூணு தடவ தேய்ச்சு, முடி அகலத்துக்கு ஒரு தட்டையான பட்டை வர வைங்க. அவ்வளவுதான், இழுக்காது. அந்த பிட்டை பித்தளைக்குன்னே தனியா எடுத்து வச்சுக்கங்க, இரும்புல அது சரியா வெட்டாது. அக்ரிலிக் ஷீட்டுக்கும் இதே பிட்டு ஆகும்.

அரம் போட்டா வழவழன்னு வராம ஆழமா கீறல் விழுது

அரத்தோட பல்லுக்குள்ள மெட்டல் தூள் அடைச்சு, ஒரு துணுக்கு வெளிய நீட்டிக்கிட்டு கீறுது. அலுமினியத்துல இது சாபக்கேடு. வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அரம் மேல சாக்பீஸை நல்லா தேய்ச்சு விடுங்க, தூள் ஒட்டாது. அடைச்சதை எடுக்க கம்பி பிரஷ்ஷை பல்லு போற சாய்வுலயே இழுங்க, அதுக்கும் வராத துணுக்குன்னா பித்தளைத் தகட்டோட ஓரத்தால தள்ளினா வந்துடும். எண்ணெய் மட்டும் போடாதீங்க, வழுக்கும், தூளும் நல்லா ஒட்டிக்கும்.

அரமும் ஹேக்சா மாதிரிதான், தள்ளும்போது மட்டும் வெட்டும், அழுத்தி பின்னாடி இழுத்தா பல்லு மழுங்கும். கைப்பிடி இல்லாத அரத்தை எடுக்கவே எடுக்காதீங்க, அரம் எங்கயாவது தடுக்கி நின்னா கைப்பிடிக்குள்ள போற அந்தக் கூர்வால் நேரா உள்ளங்கையில இறங்கும்.

கிரைண்டர்ல கார்டைக் கழட்டிட்டு 7 இன்ச் வீல் போட்டா ஆழமா வெட்டலாமே, எல்லாரும் போடுறாங்களே?

போடுறாங்க. ஆனா கணக்கு பாருங்க. 4 இன்ச் கிரைண்டர் நிமிஷத்துக்கு 11000 சுத்து பக்கம் போகும். 7 இன்ச் வீல் மேல 8500ன்னு போட்டிருக்கும், அதோட விளிம்பு செகண்டுக்கு 80 மீட்டர் வேகம் வரைக்கும்தான் தாங்கும்னு அர்த்தம். அத 11000ல சுத்தினா விளிம்பு 100 மீட்டரைத் தாண்டிடும். வெடிச்சா துண்டு மூஞ்சிக்குத்தான் வரும், தடுக்க வேண்டிய கார்டைத்தான் (வீலைச் சுத்தி இருக்கற மூடி) நீங்க கழட்டி வச்சிருக்கீங்களே. மரம் அறுக்கற பல்லு பிளேடை கிரைண்டர்ல மாட்டுறதும் இதே லிஸ்ட்தான், அதைப் பத்தி இனிமே கேக்காதீங்க.

வீல் நடுவுல இருக்கற மெட்டல் வளையத்தைப் பாருங்க, நிறைய வீல்ல மாசமும் வருஷமும் குத்தியிருக்கும், அதுதான் கடைசி தேதி. ஈரத்துல கிடந்தது, கீழ விழுந்தது எல்லாம் குப்பைக்கு. 1 மில்லி கட்டிங் வீலோட பக்கத்தை வச்சு பிசிறு தேய்க்காதீங்க, அது விளிம்பால மட்டும் வேலை செய்ய செஞ்சது.

அலுமினியத்தை பெஞ்ச் கிரைண்டர்ல தேய்க்கலாமா?

சாதாரண சாம்பல் கலர் கல்லுல வேண்டாம், அலுமினியம் கல்லோட துளையெல்லாம் அடைச்சு, கல்லு வெட்டாம சூடாகி விரிசல் விடலாம். சாக்பீஸ் தேய்ச்ச அரமோ ஃபிளாப் டிஸ்க்கோ (எமரி இதழ் ஒட்டின கிரைண்டர் வட்டு) போதும். ஒரே இடத்துல இரும்புத் தூளும் அலுமினியத் தூளும் சேர்ந்து குவியவும் விடாதீங்க, அந்தக் கலவை மேல தீப்பொறி விழுந்து பத்திக்கிச்சுன்னா தண்ணி ஊத்தி அணைக்க முடியாது.

மரை போட எந்த சைஸ் ஓட்டை போடணும்? ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க

போல்ட் சைஸ்ல இருந்து மரையோட பிட்சை (ஒரு புரிக்கும் அடுத்ததுக்கும் இருக்கற தூரம்) கழிங்க, முடிஞ்சது. எம்6க்கு (6 மில்லி போல்ட்) பிட்ச் 1, ஓட்டை 5. எம்8க்கு 1.25, ஓட்டை 6.8. எம்10க்கு 1.5, ஓட்டை 8.5. எம்5க்கு 4.2, எம்4க்கு 3.3. டேப்பை (ஓட்டைக்குள்ள மரை வெட்டற டூல்) நேரா ஆரம்பிக்கறதுதான் கஷ்டம், அதுக்கு டிரில் ஸ்டாண்ட்ல ஓட்டை போட்டதும் பீஸை அசைக்காம, பிட்டைக் கழட்டி டேப்பை சக்ல (பிட்டைக் கவ்விப் பிடிக்கற பகுதி) மாட்டி, மோட்டாரை ஆன் பண்ணாம சக்கைக் கையால ரெண்டு மூணு சுத்து சுத்துங்க. அப்புறம் ஹேண்டில் போட்டு அரை சுத்து முன்ன, கால் சுத்து பின்ன, எண்ணெய் விட்டு. இறுகுதுன்னு கைக்குத் தெரிஞ்சா பலம் போடாதீங்க, பின்னாடி வாங்க. பலம் போட்டவங்களுக்கு கடைசி கேள்வி இருக்கு.

போல்ட்டை நீளம் குறைச்சு வெட்டினா நட்டு ஏறமாட்டேங்குது

வெட்டறதுக்கு முன்னாடியே ஒரு நட்டை உள்ள ஏத்தி வச்சுட்டு வெட்டுங்க. முனையை அரத்தால லேசா சரிச்சுட்டு நட்டைக் கழட்டினா அதுவே மரையை சரி பண்ணிட்டு வெளிய வரும்.

துரு எடுக்க ஆசிட் இல்லாம என்ன வழி?

சின்ன சாமான்னா வினிகர்லயோ சிட்ரிக் ஆசிட் கரைசல்லயோ ஒரு ராத்திரி ஊறப் போட்டு பிரஷ் போடுங்க. அதுவும் ஆசிட்தான், ஆனா மெதுவான ஆசிட், ரொம்ப நேரம் விட்டா நல்ல இரும்பையும் தின்னும்.

பழைய வைஸ், பெரிய டூல்ஸுக்கு கரண்ட் வச்சு எடுக்கறதுதான் எனக்குப் பிடிச்சது, துருவை மட்டும் எடுக்கும், இரும்பைத் தொடாது. பிளாஸ்டிக் வாளில தண்ணி, 4 லிட்டருக்கு ஒரு பெரிய ஸ்பூன் வாஷிங் சோடா. துருப்பிடிச்ச சாமான்ல பேட்டரி சார்ஜரோட நெகட்டிவ், ஒரு வேண்டாத இரும்புத் தகட்டுல பாசிட்டிவ், ரெண்டும் ஒண்ண ஒண்ணு தொடக்கூடாது. மாத்திக் கொடுத்தா உங்க சாமான் கரைய ஆரம்பிச்சிடும், அதனால ரெண்டு தடவ பாருங்க. பாசிட்டிவ்ல எஸ்எஸ் போடவே கூடாது, அதுல இருக்கற குரோமியம் விஷமா தண்ணில இறங்கும். சோடாவுக்கு பதில் உப்பும் போடாதீங்க, குளோரின் வாயு வரும். வர்ற குமிழி ஹைட்ரஜன், அதனால திறந்த வெளியில வைங்க, சார்ஜரை ஆஃப் பண்ணாம கிளிப்பைக் கழட்டாதீங்க, ஒரு பொறி போதும். அலுமினியம், ஸ்பிரிங் ரெண்டையும் இதுல போடாதீங்க. வெளிய எடுத்ததும் கழுவி, அப்பவே சூடு காட்டி காய வச்சு எண்ணெய் தடவணும், அரை மணி நேரம் விட்டா மறுபடி செவப்பு ஏறும்.

துருப்பிடிச்ச போல்ட் அசையவே இல்ல, ஸ்பேனர் போட்டா தலை உருண்டுபோச்சு

தலை உருள்றதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது: கம்பி பிரஷ் போட்டு மரையைச் சுத்தம் பண்ணி, ஊடுருவுற எண்ணெய் விட்டு, சுத்தியலால போல்ட் தலைல நேரா நாலு தட்டு தட்டி, ராத்திரி முழுக்க விட்டுடுங்க. ஆறு பக்கமும் பிடிக்கற சாக்கெட் போடுங்க, பன்னிரண்டு முனை வேண்டாம். முதல்ல கழட்டாம லேசா இறுக்கற பக்கம் தட்டிப் பாருங்க, துரு உடைஞ்சுட்டா அப்புறம் கழட்டற பக்கமும் வரும்.

அதுக்கும் வரலன்னா நட்டை மட்டும் டார்ச்சால சூடு பண்ணணும், நட்டு விரிஞ்சு போல்ட்டை விடும். எண்ணெய் விட்ட இடத்துல நெருப்பு காட்டுறீங்கன்னா முதல்ல நல்லா துடைங்க. பிரேக் கிளீனர் அடிச்சிருந்தீங்கன்னா முழுசா காயுற வரைக்கும் நெருப்போ வெல்டிங்கோ பக்கத்துல கூடாது, குளோரின் கலந்த கிளீனர் சூட்டுல பாஸ்ஜீனா மாறும், அது ஆளைக் கொல்லற வாயு. சூடா இருக்கும்போதே மெழுகுவர்த்தியை மரை ஓரத்துல வச்சா உருகி உள்ள உறிஞ்சிக்கும், இது பல தடவ காப்பாத்தியிருக்கு. தலை ஏற்கனவே உருண்டாச்சுன்னா அது மேல ஒரு பெரிய நட்டை வச்சு ஓட்டைக்குள்ள வெல்டு வைங்க, அந்த சூடும் உதவும், புது தலையும் கிடைக்கும்.

அலுமினியம் பட்டையை வளைச்சா விரிசல் விட்டு ஒடிஞ்சிடுது

கெட்டிப்படுத்தின ரகம், அத மிருதுவாக்கணும். அலுமினியம் சூடானா இரும்பு மாதிரி சிவக்காது, பளபளன்னு இருந்துக்கிட்டே திடீர்னு உருகி விழும். அதனால வளைக்கற இடத்துல குளிக்கற சோப்பைத் தேய்ச்சுட்டு டார்ச் காட்டுங்க, சோப்பு கருத்ததும் நெருப்பை எடுத்துடுங்க. ஆறினதும் பெரிய வளைவா வளைங்க, கூர்மையா மடிச்சா அப்பவும் விரியும். வளைச்ச இடம் முன்ன மாதிரி பலமா இருக்காது, வெயிட் தாங்கற வேலைக்கு இது வேண்டாம்.

ஜிஐ பைப்பை வெல்டு பண்ணா குளிர் காய்ச்சல் வருதாமே, உண்மையா?

உண்மை. ஜிஐன்னா துத்தநாகம் பூசின இரும்பு, அந்தத் துத்தநாகம் 907 டிகிரில கொதிச்சு ஆவியாகும், வெல்டிங் சூடு அத விட ரொம்ப அதிகம். அந்த வெள்ளைப் புகையை இழுத்தா சில மணி நேரம் கழிச்சு நடுக்கம், காய்ச்சல், வாயில இரும்பு ருசி. வெல்டு வைக்கற இடத்துல ரெண்டு பக்கமும் துத்தநாகத்தை தேய்ச்சு எடுத்துட்டு, காத்தோட்டமான இடத்துல, புகை மூஞ்சிக்கு வராத பக்கம் நின்னு செய்யுங்க.

பழைய அரத்துல உளி செஞ்சேன், ஒரே அடில கண்ணாடி மாதிரி உடைஞ்சிடுச்சு

கெட்டி மட்டும் ஏத்தி பதம் வைக்காம, அதாவது திரும்ப லேசா சூடு காட்டி நொறுங்கற குணத்தைக் குறைக்காம விட்டிருக்கீங்க. முனையை சிவக்க வச்சு காந்தத்தால தொட்டுப் பாருங்க, 770 டிகிரி பக்கம் காந்தம் ஒட்டாது. அதுக்கு மேல இன்னும் கொஞ்சம் சூடு ஏத்தி எண்ணெய்ல தோயுங்க, மூடி இருக்கற இரும்பு டப்பாவுல. அரம் போட்டா வழுக்கணும், வெட்டக்கூடாது. இப்ப எமரி போட்டு பளபளன்னு ஆக்கி, பின்னாடில இருந்து மெதுவா சூடு காட்டினா கலர் ஒண்ணு ஒண்ணா முனை பக்கம் ஓடி வரும், வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம். முனைக்கு ஊதா வந்த நொடில தோச்சுடுங்க. சுத்தியல் படுற தலைப்பக்கம் மிருதுவாவே இருக்கணும், இல்லன்னா சில்லு தெறிக்கும். ஆங்கிள், கட்டுமானக் கம்பியில உளி செய்யலாமான்னு கேக்குறவங்களுக்கு: அதுல கார்பன் பத்தாது, எத்தன தடவ தோச்சாலும் உளி அளவுக்குக் கெட்டியாகாது.

டேப் உள்ளயே ஒடிஞ்சுபோச்சு, வெளிய ஒண்ணும் நீட்டிக்கிட்டு இல்ல, என்ன பண்றது?

டிரில் பண்ணப் பாக்காதீங்க, டேப்பும் பிட்டு அளவுக்குக் கெட்டி. முதல்ல கூர்மையான பஞ்ச்சை டேப்போட பள்ளத்துல வச்சு கழட்டற திசையில லேசா தட்டிப் பாருங்க, எண்ணெய் விட்டு, முன்ன பின்ன மாத்தி மாத்தி.

பீஸு அலுமினியமோ பித்தளையோன்னா இன்னொரு வழி இருக்கு, படிகாரம். சுடுதண்ணில கரையற வரைக்கும் படிகாரத்தைக் கரைச்சு, கண்ணாடிப் பாத்திரத்துல ஓட்டை மேல பாத்து இருக்கற மாதிரி பீஸை முக்கி, சூடு ஆறாம வச்சிருங்க. கொஞ்ச நேரத்துல ஒடிஞ்ச டேப்ல இருந்து மட்டும் குட்டி குட்டி குமிழி வரும், அலுமினியம் சும்மா இருக்கும். இரும்பு கருப்பா கரைஞ்சு வரும், அப்பப்ப குத்தி சுத்தம் பண்ணி கரைசலை மாத்துங்க. சாதாரண கார்பன் ஸ்டீல் டேப் சீக்கிரம் போகும், எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டேப்புக்கு ரொம்ப நேரம் பிடிக்கும், உள்ள இருக்கறது எஸ்எஸ் போல்ட்டுன்னா இது வேலைக்கு ஆகாது. பீஸுல வேற இரும்பு பின், புஷ் ஏதாவது இருந்தா முன்னாடியே எடுத்துடுங்க, அதுவும் சேர்ந்து கரையும். பீஸே இரும்புன்னா படிகாரத்தைத் தொடாதீங்க, அதுக்கு கார்பைட் பிட்டு இல்லன்னா ஸ்பார்க் எரோஷன் மெஷின் (மின்பொறியால மெட்டலை அரிச்சு எடுக்கறது) வச்சிருக்கற கடைதான்.